போயானா சொன்ன புத்தகம்

நெவெனா சன்கோவாவுக்கு அழுகிற குழந்தைகளைச் சமாதானப்படுத்தத் தெரியாது. கன்னத்தைக் கிள்ளமாட்டாள், மிட்டாய் தரமாட்டாள். இருபத்தாறு வருடமாகக் குழந்தைகள் பிரிவு நூலகராக இருப்பவள் இப்படியா என்று புதிதாக வருகிற தாய்மார்கள் ஆச்சரியப்படுவார்கள். குழந்தைகளுக்கு ஆச்சரியமில்லை. அவர்கள் பேசும்போது பாதியில் குறுக்கிடாத ஒரே பெரிய மனுஷி அந்த ஊரில் அவள்தான்.

டான்யூப் நதிக்கரை ஊர். அவள் கணவர் ஸ்பெயினில் தக்காளித் தோட்ட வேலைக்கென்று போனவர், மூன்றாவது வருடத்திலிருந்து போனை எடுப்பதில்லை. பிள்ளை கிடையாது. "உனக்கென்ன நெவெனா, நூறு பிள்ளைங்க" என்று கடைத்தெருவில் யாராவது சொன்னால் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைக் கொஞ்சம் ஓங்கியே சாத்துவாள்.

ஆண்டு முழுக்க அவள் காத்திருப்பது ஒரே ஒரு நாளுக்காக. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. கோடை விடுமுறையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பிள்ளைகள் வந்து சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோலக் கதைச்சுருக்கம் வேண்டாம், நீதி வேண்டாம். என்ன தோன்றியதோ அதைச் சொன்னால் போதும். சொல்லச் சொல்ல, ஒரு தடித்த நோட்டில் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொள்வாள்.

"முதலைக்கு ஏன் தண்டனை குடுத்தாங்க? அது பசிச்சுத்தானே தின்னுச்சு."

"நூத்தியிருபது பக்கத்துல தொண்ணூறு பக்கம் மழை. எனக்கு ஜலதோஷமே பிடிச்சுக்கிச்சு."

"இத எழுதினவருக்குத் தங்கச்சி கிடையாது. இருந்திருந்தா இப்படி எழுதியிருக்கமாட்டார்."

அப்படியொரு சனிக்கிழமைதான் அது. ஜன்னலுக்கு வெளியே யாரோ குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்துக்கு எடுத்துவைக்க ஊரே மிளகாய் சுடும் பருவம், அறையெல்லாம் அந்த வாசனை. பதினான்கு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேரின் அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டில். கடைசியாக எழுந்தவள் போயானா.

போயானாவுக்கு ஒன்பது வயது. அப்பா லாரி விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வியாரா இத்தாலியில் ஒரு வீட்டோடு தங்கி, படுத்த படுக்கையான கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். நான்கு வருடமாகிறது. பிள்ளை இருப்பது பெரியப்பா வீட்டில். கோடை முழுக்க மத்தியானங்களில் நூலகத்துக்கு வந்து ஜன்னலோரம் உட்காருவாள். மடியில் புத்தகம் இருக்கும், கண் எதிரே தபால் நிலையச் சதுக்கத்தில் இருக்கும். இத்தாலி பஸ் புதனும் சனியும் அங்கேதான் வந்து நிற்கும். எடுத்துப்போன நான்கு புத்தகங்களையும் அவள் திறக்கக்கூட இல்லை என்பது நெவெனாவுக்குத் தெரியும்.

"நான் படிச்ச புத்தகத்துல ஒரு ஊர் வருது" என்று ஆரம்பித்தாள் போயானா. "அங்க ஒரு கிழவிக்குத் தூக்கமே வராது. ஒரு அம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். தூங்கினாத்தான் கையை விடலாம். கிழவி தூங்கவே மாட்டேங்கிறாங்க. அதனால அம்மாவால வீட்டுக்கு வரமுடியல. அந்த அம்மாவோட பொண்ணு என்ன பண்ணா, தன்னோட தூக்கத்த ஒரு அட்டைப்பெட்டியில போட்டு, கயிறு கட்டி, பஸ் டிரைவர்கிட்ட குடுத்துவிட்டா."

"அப்புறம்?" என்றது ஒரு குரல்.

"கிழவி தூங்கிட்டாங்க. அம்மா கிளம்பிட்டாங்க. ஆனா இந்தப் பொண்ணுக்குத் தூக்கம் இல்ல. முழிச்சுக்கிட்டே இருக்கா."

"அம்மா வந்தாங்களா இல்லியா?"

"கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்துச்சு."

பிறகு ஓக்னியான், ரொட்டிக்கடைக்காரர் மகன், பன்னிரண்டு வயதுக்காரன், முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"புளுகுடி! இங்க இருக்கிற புத்தகம் பூரா நான் பார்த்திருக்கேன். அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அத்தை, இவ ஒரு புத்தகமும் படிக்கல, சும்மா அளந்து விடுறா!"

போயானாவின் காது மடல் சிவந்தது. எல்லாத் தலையும் நெவெனா பக்கம் திரும்பியது.

"இருக்கு" என்றாள் நெவெனா. "மேல் தட்டுல இருந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய் அது. பேனாவை எடுத்து, போயானா சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரமே மூன்று பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தார்கள். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட திருப்தி அவளுக்கு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்டோபர் நடுவில் வியாரா வந்தாள். இரண்டு வார விடுப்பு. ஊருக்கு வந்து நான்காவது நாள், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நெவெனாவின் மேசைமுன் வந்து நின்றாள்.

"அந்தப் புத்தகத்த எனக்குக் காட்டுங்க அக்கா."

"எந்தப் புத்தகம்?"

"தூங்காத கிழவி புத்தகம். என் பொண்ணு படுக்கையில கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ரெண்டு மாசமா இப்படித்தானாம், அவ பெரியம்மா இப்பத்தான் சொல்றாங்க. ஏன்டி தூங்கலைன்னு கேட்டா, 'என் தூக்கத்த உங்களுக்கு அனுப்பிட்டேன்மா'ங்கிறா. எங்க படிச்சேன்னு கேட்டா, லைப்ரரியிலங்கிறா. ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் குடுக்கிற புத்தகமா அது?"

மேசைமேல் ஊன்றியிருந்த வியாராவின் கைகளை நெவெனா பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. முப்பத்து மூன்று வயதுக்காரியின் கைகள் அல்ல அவை. இந்தக் கைகளில் உண்மையைக் கொடுத்தால் எங்கே வைத்துக்கொள்வாள் என்று தோன்றியது.

"பைண்டிங்குக்குப் போயிருக்கு."

"யார் எழுதினது?"

"பேர் ஞாபகமில்ல. ஏதோ மொழிபெயர்ப்பு."

"இருபத்தாறு வருஷமா இங்க உக்காந்திருக்கீங்க. எழுதினவன் பேர் ஞாபகமில்லையா உங்களுக்கு?"

நெவெனா அடுத்து வரப்போகிற வசவுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். வசவு வரவில்லை. வியாரா பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புத்தகம்தானா" என்றாள். "நான் என்னவோ என்னாலதான்னு நினைச்சுப் பயந்தே போயிட்டேன். வெறும் புத்தகம்தானா." சிரித்தாள். சிரித்தபடியே கண்ணில் நீர் வழிந்தது.

உண்மையைச் சொல்ல அப்போதுகூட நேரமிருந்தது. நெவெனா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு வியாரா நேரே தலைமை நூலகர் ஸ்டோயெவிடம் போய்ப் புகார் சொன்னாள். அவர் பட்டியலைத் தேடிப் பார்த்தார்.

"பட்டியல்லயே இல்லாத புத்தகத்த எப்படிக் குடுத்தீங்க நெவெனா?"

"என்னோட சொந்தப் புத்தகம்."

"அப்போ கொண்டுவந்து காட்டுங்க."

"தொலைஞ்சுபோச்சு."

ஸ்டோயெவ் கண்ணாடியைக் கழற்றி அவளை வெகுநேரம் பார்த்தார். அவள் சொல்வதை அவர் நம்பவில்லை, எதற்காகச் சொல்கிறாள் என்றும் விளங்கவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. இனி செப்டம்பர் கூட்டம் வேண்டாம் என்றும் அதில் இருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை மத்தியானம், ஜன்னலிலிருந்து நெவெனா பார்த்தாள். வியாரா பஸ் ஏறினாள். போயானா பெரியம்மா ஸ்டங்காவின் கோட்டுக் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழவில்லை. பஸ் வளைந்து மறைந்த பிறகு, பெரியம்மாவிடம் ஏதோ கேட்டுவிட்டு, சதுக்கத்தைத் தாண்டி நேராக நூலகத்துக்கு வந்தாள்.

"அந்தப் புத்தகத்த இனிமே படிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். படிக்கலேன்னா தூக்கம் வந்துடுமாம். அப்போ கவலையில்லாம போயிட்டு வர்றேன்னு சொன்னாங்க."

நெவெனா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போயானா, அது புத்தகமே இல்ல, நீயா சொன்னதுன்னு அம்மாகிட்ட சொல்லலையா?"

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது.

"நீங்கதானே இருக்குன்னு சொன்னீங்க."

கோபமில்லை அந்தக் குரலில். பெரியவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட பிள்ளையின் குரல் அது. நெவெனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மாவின் காதில் விழட்டும் என்றுதான் இந்தப் பிள்ளை பதினான்கு பேர் நடுவில் எழுந்து அவ்வளவையும் சொன்னாள். அது காதுவரை போய்ச் சேர்ந்தும்விட்டது. அந்த இடத்தில் குறுக்கே நின்று, அது உன்னைப் பற்றியது அல்ல, வெறும் புத்தகம் என்று தாயைத் திருப்பி அனுப்பியது தான்தான். இருபத்தாறு வருடத்தில் எந்தப் பிள்ளையின் பேச்சையும் பாதியில் மறிக்காதவள், மறிக்கக்கூடாத ஒரு பேச்சை மறித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே நோட்டைத் திறந்து, போயானா சொன்னதைத் தனித்தாளில் நகல் எடுத்தாள். கீழே எழுதினாள்: 'இந்தப் புத்தகத்தை யாரும் எழுதவில்லை. உங்கள் மகள் தானாகச் சொன்னது. மற்றப் பிள்ளைகள் முன் அவளுக்கு அவமானம் வரக்கூடாதென்று முதலில் பொய் சொன்னேன். உங்கள் மனம் நோகக்கூடாதென்று மறுபடியும் சொன்னேன். இரண்டாவது பொய்க்கு எனக்கு மன்னிப்பில்லை.' ஸ்டங்காவிடம் விலாசம் வாங்கி, தபாலை நம்பாமல் பஸ் டிரைவர் கையிலேயே கொடுத்தாள்.

பதில் வரவில்லை. ஸ்டங்கா வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாள். ஸ்டங்கா கெட்டவள் அல்ல, இரண்டு மாடு, நோயாளிக் கணவர் என்று அலுத்துப்போனவள். "நான் என்ன அடிச்சா தூங்க வெக்க முடியும்? பால் குடுக்கிறேன், கம்பளி போத்துறேன். அவ சுவரையே பார்த்துட்டிருக்கா" என்றாள். ஜனவரியில் பள்ளியில் கணக்குப் பாடத்தின் நடுவே போயானா மயங்கி விழுந்தாள். ஸ்டங்கா இத்தாலிக்குப் போன் செய்தாள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம், பனி உருகிச் சதுக்கமெல்லாம் சேறாகக் கிடந்தபோது, வியாரா வந்து மேசைமேல் அந்தக் கடிதத்தை வைத்தாள். மடிப்புகளில் நைந்து, நாலாகக் கிழியும் நிலையில் இருந்தது.

"இது நவம்பர்லயே வந்துடுச்சு" என்றாள். "மூணு மாசம் ஏப்ரன் பைக்குள்ள வெச்சுக்கிட்டே சுத்தினேன். வேலைய விட்டா பிள்ளைக்கு என்ன அனுப்புறது? கிழவி போனாத்தான் எனக்கு விடுதலைன்னு இருந்தேன். ஒரு மனுஷி சாகணும்னு தினமும் காத்துக்கிட்டு, அவ வாய்ல கஞ்சி ஊட்டுறது எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"போயிட்டாங்களா?"

"இல்ல. நான்தான் விட்டுட்டு வந்துட்டேன். போகாதேன்னு கையப் பிடிச்சாங்க. விரல் விரலா பிரிச்சு எடுத்துட்டு வந்தேன்." வியாரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன். நாலு வீடு துடைக்கிற வேலை கிடைச்சிருக்கு. ஒரு ரூம், இன்னொருத்தியோட. எப்படியோ பார்த்துக்கணும்."

"வியாரா, நான்..."

"என்னை அக்டோபர்லயே அழ வெச்சிருக்கலாம் அக்கா நீங்க. அன்னிக்கு நான் தாங்கியிருப்பேன். பிள்ளை நாலு மாசம் முழிச்சிருந்திருக்கமாட்டா."

"ஆமா" என்றாள் நெவெனா.

வியாரா போகாமல் நின்றாள். பிறகு, மகள் சொன்னதை எழுதிய அந்த அசல் தாள் தனக்கு வேண்டும் என்றாள். நெவெனா நோட்டை எடுத்து, பிளேடால் தையலோரமாக மெல்ல அறுத்துக் கொடுத்தாள். வியாரா அதைப் படிக்கவில்லை. கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

போயானா விடைபெற வரவில்லை. சனிக்கிழமை சதுக்கத்தில் நெவெனா தானே போய் நின்றாள். பிள்ளை அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெவெனாவைப் பார்த்ததும் முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"ஏய், அத்தைகிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்லு."

"மாட்டேன். அவங்கதான் உங்களுக்கு எழுதி அழ வெச்சாங்க."

வியாரா மகளைத் திட்டவில்லை, தலையைத் தடவிவிட்டு பஸ்ஸில் ஏற்றினாள். பிள்ளை சொன்னது நியாயமா இல்லையா என்று நெவெனா வெகுநாள் யோசித்தாள். அக்டோபரில் உண்மையைச் சொல்லாமல் விட்டதற்கும், அதன்பின் எழுதியதற்கும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஸ்டோயெவ் ஓய்வுபெற்ற பிறகு கூட்டத்தை மறுபடி நடத்த அனுமதி கிடைத்தது. அந்த வருடம் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். மற்றவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கூட்டத்துக்கு முந்தைய நாள், சந்தையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டங்காவைப் பார்த்தாள்.

"போயானா போன் பண்ணுறாளா?"

"போன வாரம் பண்ணா. பாதி இத்தாலியன்ல பேசுறா, எனக்கு எங்க புரியுது."

"தூங்குறாளாமா?"

ஸ்டங்கா மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நான் கேக்கல நெவெனா. நல்லா இருக்கான்னு வியாரா சொன்னா. அங்க இருந்து பேசுற யாரு நல்லா இல்லைன்னு சொல்லியிருக்காங்க?"

நெவெனா மூன்று கிலோ மிளகாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.