பொட்டு வைக்காத டைப்ரைட்டர்

எண்பதுகளோட கடைசியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு அரசு ஆபீஸ்ல நான் டைப்பிஸ்ட். ராஜபாளையத்துல இருந்து தினமும் பஸ். பக்கத்து மெஷின்ல இன்னொரு டைப்பிஸ்ட், அவர் முஸ்லிம். ஆயுத பூஜை அன்னைக்கு ஆபீஸ்ல எல்லா டைப்ரைட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அவர் மட்டும் தன் மெஷினை உறை போட்டு மூடிருவார்.

"வீட்டுல கும்பிடுங்க, யார் வேண்டாம்னா? இது அரசாங்க மெஷின். அரசாங்கத்துக்கு மதம் கெடையாதுங்க. அரசியல் சட்டம் அப்படித்தான் சொல்லுது."

எனக்கு வாய் நீளம். "ஒரு பொட்டு வச்சா அம்புட்டுச் சட்டமும் இடிஞ்சு விழுந்துருமாக்கும்? அப்ப பொரி மட்டும் திங்கலாமோ?"

"பொரிக்கும் மதம் கெடையாது"ன்னு ரெண்டு கையாலயும் அள்ளிக்கிடுவார்.

இப்படியே மூணு வருஷம் சண்டை. ஞாயித்துக்கிழமை வந்தா எனக்குப் பொழுதே போகாது. ஏன்னு புரிய ரொம்ப நாளாச்சு. அவருக்கும் அப்படித்தானாம்.

ரெண்டு பேரும் மதம் மாறாமலே கட்டிக்கிட ஒரு சட்டம் இருக்குன்னு அவர்தான் விசாரிச்சிட்டு வந்தார். பத்திர ஆபீஸ்ல மனுக் கொடுக்கணும். முப்பது நாளைக்கு எங்க பேரும் விலாசமும் நோட்டீஸ் பலகையில தொங்கும். "அதை எவன் படிக்கப் போறான்?"ன்னேன். என்னை மாதிரி மடச்சி உண்டா?

முகூர்த்த நாள்ல நெலம் பதியுற கூட்டம் அங்கதான் மொய்க்கும். எங்க சித்தப்பாவும் வந்தார். கூப்பிடுற வரைக்கும் பொழுது போகாம பலகையைப் படிச்சிருக்கார். அங்கேயே ஒரே கூப்பாடு.

"ரெண்டும் வேற வேற மதம்யா, எப்படிப் பதிவீங்க?"

"அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இந்தச் சட்டமே. அதைச் சொல்லி நிறுத்த முடியாது"ன்னுட்டாராம் அதிகாரி.

அப்பா என்னை அடிக்கலை, வையலை. சாப்பாட்டை நிறுத்திட்டார். "ஏட்டி, அவிய மூணு நாளா பச்சத்தண்ணி குடிக்கலை"ன்னு அம்மா அழுதா.

முப்பது நாள் முடிஞ்ச மறுநாள் அவர் மூணு சாட்சியோட பத்திர ஆபீஸ்ல சாயங்காலம் வரை நின்னார். எங்க வீட்டுக் கதவு தெறந்துதான் கெடந்துச்சு. என்னை யாரும் பூட்டி வைக்கலை. சட்டம் எனக்காக நின்னுச்சு, நான்தான் நிக்கலை.

அவர் மாறுதல் வாங்கிக்கிட்டார். கெளம்புற அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரியே என்கிட்டயும் "வாரேங்க"ன்னார். அந்தக் கொரலைக் கேக்க இன்னும் மனசு கெடந்து அடிச்சுக்கிடுது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பியூன் சந்தனக் கிண்ணத்தோட வரிசையா வந்தார். மாறுதல்ல போனவரோட மெஷின்கிட்ட வந்ததும் நான் எந்திரிச்சு மறிச்சேன்.

"அதுக்கு வேண்டாம்ண்ணே. அரசாங்க மெஷின்."

"அப்ப ஒங்க மெஷின் யாரோடதும்மா?"ன்னார்.

உறையை எடுத்து அவர் மெஷினை மூடினேன்.

தொண்ணூறுகள்ல கம்ப்யூட்டர் வந்து அதை ஏலத்துக்குத் தூக்கிட்டுப் போற வரைக்கும், ஒரு பூஜைக்கும் அதுமேல பொட்டு வைக்க விடலை. ரெண்டு கைப் பொரி மட்டும் அள்ளி அந்த உறைமேல வச்சிட்டு வருவேன்.