கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைந்த அம்மா

மேஜர் கணிதம், மைனர் சைக்காலஜி. இதை நான் வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியா?" என்பதுதான். நான் கம்ப்யூட்டர் மைனர் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கடலூர் துறைமுகத்தில் அவளோடு உட்கார்ந்து மீன் விற்கிறவர்களின் பிள்ளைகளெல்லாம் கம்ப்யூட்டர் படித்துத்தான் சென்னைக்கு வேலைக்குப் போனார்களாம். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். முதல் செமஸ்டரில் சைக்காலஜியைப் பாஸ் பண்ணிவிட்டால் தொடரலாம். ஃபெயிலாகிவிட்டால் வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு மாறிவிட வேண்டும். யோசிக்காமல் சரி என்றேன். அத்தனை திமிர் எனக்கு.

சிதம்பரத்தில் ஹாஸ்டல். வாரத்தில் மூன்று மதியம் சைக்காலஜி வகுப்பு. அந்த மூன்று மதியத்துக்காகத்தான் மீதி வாரம் முழுக்க உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் கணித வாத்தியார்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். முதல் நாளே மேடம், முனைகளில் வெவ்வேறு விதமாக அம்புக்குறி போட்ட இரண்டு கோடுகளைக் காட்டி எது நீளம் என்று கேட்டார். கீழே இருப்பது என்று எல்லோரும் கத்தினோம். ஸ்கேல் வைத்து அளந்தால் இரண்டும் ஒன்று! சரி, இப்போது தெரிந்துவிட்டது அல்லவா, மறுபடி பாருங்கள் என்றார். பார்த்தேன். கீழே இருப்பதுதான் நீளமாக இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கணக்கில் ஒன்றை நிரூபித்துவிட்டால் அதோடு தீர்ந்தது. இங்கே நிரூபித்த பிறகும் கண் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறதே!

அன்றிலிருந்து நான் ஓயவில்லை. ரூம்மேட்டைத் தூங்க விடாமல் இருபது வார்த்தை வாசித்துக் காட்டி, எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். ஊருக்குப் போனால் மாமாவைப் பிடித்துக்கொள்வேன். அம்மாவின் தம்பி, செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, பக்கத்து வீடு. என்னைப் பார்த்தாலே நெற்றியைத் தொட்டுக் காட்டி, "என் மனசுல இப்ப என்ன ஓடுது, சொல்லு பாப்போம்" என்பார். "பிரியாணி" என்பேன். "அட, கரெக்டா சொல்றாளே!" என்பார். எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அது புது ஜோக்.

இப்படி ஆடிக்கொண்டிருந்தவளுக்கு ஆப்பு ரெக்கார்டு நோட்டில் வந்தது. ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் அகநோக்கு அறிக்கை என்று ஒரு பகுதி உண்டு. சோதனை செய்துகொண்டவரிடம், செய்யும்போது உங்கள் மனதில் என்ன ஓடியது என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். யார் கேட்கிறார்கள்? சீனியர் நோட்டில் இருந்ததை எல்லோரும் அப்படியே இறக்கினோம். "முதலில் ஆர்வமாக இருந்தது. போகப்போகச் சலிப்பாக இருந்தது." ஒரு வெள்ளிக்கிழமை மேடம் நோட்டுகளை மேசைமேல் போட்டார். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

"நாப்பது பேருக்கும் ஒரே மனசா? மனசைப் பத்திப் படிக்க வந்துட்டு, மனசுல என்ன இருக்குன்னு ஒருத்தர்கிட்ட கேக்கக்கூடத் தோணலையே உங்களுக்கு!"

அப்படியொரு வெட்கத்தை நான் அதற்குமுன் பட்டதில்லை. தண்டனையாகப் புதிதாக ஒரு சோதனை கொடுத்தார். வெளி ஆள் ஒருவரை வைத்து, அடுத்ததற்கடுத்த திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும். அவர் அந்தச் சோதனையை முன்பு செய்திருக்கக் கூடாது. நோட்டில் மேடம் கையெழுத்து இல்லாதவருக்குப் பிராக்டிகல் பரீட்சை கிடையாது. பிராக்டிகல் இல்லையென்றால் ஃபெயில். ஃபெயில் என்றால் எனக்குக் கம்ப்யூட்டர்.

சோதனை இதுதான். தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். தாளை நேரே பார்க்க முடியாதபடி ஒரு அட்டை மறைத்திருக்கும். எதிரே உள்ள கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் ஒரு தப்பு. கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் என்பதால் கை பேயாட்டம் ஆடும். பத்து முறை செய்தால் தப்பு மெல்லக் குறையும். அப்படிக் குறைவதை வரைபடமாக வரைய வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு முகக்கண்ணாடி, பிஸ்கட் பெட்டி அட்டை, அட்டையில் வெட்டிய நட்சத்திர அச்சு எல்லாம் வைத்து நானே கருவி செய்துவிட்டேன். மாமாவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். அவர் வரைந்தது மையில் விழுந்த கரப்பான் ஓடின மாதிரி இருந்தது. கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நான், "தப்பு! தப்பு!" என்று கத்தி நோட்டில் குறித்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தப்புக்கெல்லாம் மார்க்கு போவுமாடி?"

"பின்ன? எல்லாத்தையும் எண்ணித்தான் மேடம் கிட்ட காட்டணும். அடுத்த வாரம் நீதான் உக்காரப்போற" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே வீட்டில் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவை உட்காரவைத்தேன். பேனா பிடித்துப் பழகாத கை, கையெழுத்தே எழுத்துக் கூட்டித்தான் போடுவாள். முதல் முறையே பத்துத் தப்புக்கு மேல் வரும், அழகான வரைபடம் கிடைக்கும் என்று கனவில் இருந்தேன். "ஆரம்பி" என்றேன். பென்சில் நட்சத்திரத்தைச் சுற்றி வந்து நின்றது. ஒரு தப்பு இல்லை! மறுபடி செய்யச் சொன்னேன். இல்லை. மூன்றாவது முறையும் இல்லை. ஐயோ, என் அம்மா பெரிய ஜீனியஸ், உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிடம் குதித்தேன். பிறகுதான் உறைத்தது. நான் சொல்வதற்கு முன்பே கண்ணாடியைத் தனக்குத் தோதாகச் சாய்த்துக்கொண்டாளே!

"இதை முன்னாடியே பண்ணிப் பாத்தியா?"

"பின்ன? வாரம் முழுக்கப் பண்ணேன்" என்றாள், அத்தனை பெருமையாக.

அழுதேவிட்டேன். "எல்லாம் போச்சு! தெரியாதவங்களைத்தான் உக்கார வைக்கணும். நாளைக்கு எதைக் காட்டுவேன்? யாரு உன்னைப் பண்ணச் சொன்னா?" என்று கத்தினேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் தாளை வீணாக்கினதற்குத்தான் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"உன் வெள்ளத்தாளைத் தொடலடி. காலண்டர் தாள்லதான் பண்ணேன்" என்று அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு கத்தையை உருவி நீட்டினாள்.

தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். பின்பக்கம் அச்சை வைத்து வரைந்த நட்சத்திரம். போன ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் பார்த்தேன், மாமாவே தேவலை. எண்ணினேன், முப்பத்தொன்று. திங்கள் இருபத்தாறு. செவ்வாய் பதினெட்டு. தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம் தேதி இருக்கிறது! ஞாயிறு இரவு ஒன்று, திங்கள் முதல் சனிவரை ஆறு, இன்று என் கண்ணெதிரே மூன்று. மொத்தம் பத்து. கண்ணீரைத் துடைக்காமலேயே வரைபடத்தாளை விரித்தேன். புள்ளிகள் மேலிருந்து சரிந்து சரிந்து தரைக்கு வந்தன. "அம்மா, அம்மா, இங்க பாரேன்!" என்று அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். "விடுடி, மேலெல்லாம் மீன் கவுச்சி" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை மேடம் காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தேன். "யாருமே பக்கத்துல இல்லாம இவ்வளவு ஒழுங்கா பண்ணியிருக்காங்களே!" என்று பேனாவை எடுத்தவர், கடைசிப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

"அகநோக்கு அறிக்கை எங்கம்மா?"

தலையில் இடி. குதித்த குதியில் அதைக் கேட்கவே இல்லை! "பன்னெண்டு மணிக்குள்ள கேட்டு எழுதிட்டு வா, போட்டுத் தரேன்" என்றார். வராந்தாப் படியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் துறைமுகத்து இரைச்சல்.

"என்னடி இந்நேரத்துல? வியாபாரம் நடக்குது."

"அந்த நட்சத்திரம் வரையும்போது உன் மனசுல என்ன ஓடுச்சும்மா?"

"என்ன ஓடும்? இந்தப் பக்கம் போன்னா கை அந்தப் பக்கம் போவுது. ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. நான் பண்ற தப்புக்குப் புள்ளைக்கு மார்க்கு போயிடப் போவுதேன்னு பயமா இருந்துச்சு, அவ்ளோதான்."

எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினேன். "போனா உனக்கு நல்லதுதானேம்மா? நீ ஆசப்பட்ட கம்ப்யூட்டருக்கே மாறியிருப்பேனே."

 அந்தப் பக்கம் யாரோ விலை கேட்டார்கள். "இரு" என்று அவர்களை நிறுத்திவிட்டு என்னிடம் பேசினாள்.

"மாறியிருப்பதான். அதுக்காக, நீ தோத்துட்டு வந்து என் பேச்சக் கேக்கணுமா? அப்படி ஒண்ணும் கேக்க வேணாம். வை போனை, ஆளு நிக்குது."

அகநோக்கு அறிக்கை என்ற தலைப்புக்குக் கீழே, "ஆளு நிக்குது" வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மை கலைந்துவிடாமல் இருக்க நோட்டை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் எழுத முடிந்தது.