அப்பா எழுதிய தொகை

அப்போது நாங்கள் ஊரைவிட்டு வந்து, பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்புப் படிக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம். அந்த வயதில் என் பிடிவாதமும் வாயும் கொஞ்சநஞ்சமல்ல.

கல்லூரி ஆலோசகரிடம் அப்பாவையும் கூட்டிப் போனேன். ஞாயிறு பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெண்மணி என் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. உங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பல்கலைக்கழகம் பாரம், சின்னதாக ஒரு தொழில் படித்தால் கெதியாக வேலைக்குப் போகலாம் என்றார். எனக்கு முதல் உள்ளே போன வெள்ளைக்காரத் தோழிக்கு என்னைவிடப் புள்ளி குறைவு; அவளுக்கு மருத்துவப் படிப்பின் கையேட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார். எரிச்சலில், கேட்டதை ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் நான் விழுங்கியிருக்கலாம். அப்பா அந்தப் பெண்மணிக்கு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு எழும்பினார்.

பிறகு மாணவர் கடன் படிவம் வந்தது. பெற்றோர் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்ட இடத்தில், அப்பா என்னைக் கேளாமல் பெரிய தொகை ஒன்றை எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. பிறத்தியாருக்கு முன்னால் 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. உங்களுக்குக் கடன் தேவையில்லை என்று பதில் வந்தது. கடன் இல்லாவிட்டால் படிப்பும் இல்லை. ஐயோ, அன்று நான் அப்பாவைப் பேசிய பேச்சு!

படிவத்தைத் திருத்த அவருடைய கையெழுத்து வேண்டும் என்றார்கள். இருவருமாகக் கடன் அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அப்பாவை ஏறெடுத்தும் பார்க்காமல், இந்தக் காசை இவர் தருவாரா என்று என்னிடம் கேட்டார். நான் பிரெஞ்சில் சொன்னேன்: இவரிடம் ஒன்றும் இல்லை, எழுதியது பொய். அவ்வளவு பிரெஞ்சு அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பழகியிருந்தது. தலையைக் குனிந்து, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

மெட்ரோவில் வரும்போது சொன்னார். "நீ சொன்னது சரி பிள்ளை. ஆனா இனி உப்பிடி ஏதும் சொல்லுறதெண்டா முதலே சொல்லு, நான் வெளியில நிக்கிறன்."

கடன் கிடைத்தது, படித்தேன். பனிக்குள் பஸ்ஸுக்கு நின்ற காலைகளும், வேலைக்குப் போகமுதல் அப்பா கட்டிவைத்த இடியப்பமும் இன்றைக்கும் எனக்கு ஆசைதான். கடனைக் கட்டி முடித்த பிறகுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவு வந்தது. எதற்கென்று அவர் கேட்கவில்லை.