சிறுத்துக்கொண்டே போன மலை

முதலில் சிறுத்தது மலைதான். எங்கள் ஊரான அருமனையில், சபை மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு ஓவிய வகுப்பு நடந்தது. வயல், குளம், ரப்பர்த் தோட்டம் என்று வெளியே போய் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை வரைவோம். என் பக்கத்தில் உட்காருபவள் ஸ்டெல்லா, தையல்காரி. ஒருநாள் என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி லீலா, பேப்பர் தீந்துபோவும்ணு பயந்தியா? மலைய நெல்லிக்கா அளவுக்கு வரஞ்சிருக்க."

பெரிதாக வரைந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

வலது தோளும் இறுகியிருந்தது. எட்டு மாதம் தோள்வலிக்கு மாத்திரை, எண்ணெய், பயிற்சி. பிறகுதான் நாகர்கோவிலில் நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். வலது கை வீசாமல் தொங்கியது. ஒரு சுருள் வரையச் சொன்னார். அது போகப்போக நெருங்கி முடிச்சாகிவிட்டது.

பார்க்கின்சன் (மூளையில் அசைவை நடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்துபோகும் நோய்) என்றார்.

"கை நடுங்கலியே டாக்டர்?" என்றார் என் கணவர்.

"எல்லாருக்கும் நடுங்காது. குணமாக்க முடியாது. மாத்திரையால கொஞ்ச காலம் நல்லா வச்சுக்கலாம்."

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து) தொடங்கியபின் இரண்டு ஆண்டுகள் என் மலைகள் பழைய அளவுக்கு வந்தன. குணமாகிவிட்டதென்றே உள்ளுக்குள் நம்பினேன். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு திற்பரப்பு அருவியை வரையப் போனோம். மாத்திரையின் வேகம் அன்று நேரத்துக்கு முன்பே அடங்கிவிட்டது. வேன் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். என்னால் பாறையை விட்டு எழ முடியவில்லை. வாயும் திறக்கவில்லை. அடக்க முடியாமல் சிறுநீர் போய்ச் சேலை நனைந்தது. சுற்றிலும் குளிக்க வந்த ஆண்கள்.

ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். "எல்லாரும் போர்டோட இஞ்ச வாங்கட்டி" என்றாள், குரலை உயர்த்தாமல். பதினோரு பெண்கள் வரைபலகைகளைப் பிடித்தபடி என்னைச் சுற்றி நின்றார்கள். என் கண் பையின் மேலேயே நிற்பதைக் கண்டு, அவள் அதைத் துழாவி மாத்திரையைக் கண்டெடுத்து என் வாயில் வைத்தாள். நான் எழும்வரை யாரும் பலகையை இறக்கவில்லை. அந்த நேரம் முழுக்கச் செத்துப்போக விரும்பினேன்.

"இத ஏன் மறச்ச மக்கா?" என்று வேனில் கேட்டாள்.

இதே மாத்திரையை விழுங்கத் தொடங்கியிருப்பவர்களே, பக்கத்தில் உட்காருபவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

இப்போது எனக்குக் காலை, மதியம் என்று இல்லை. மாத்திரை விழுங்கி முக்கால் மணி கழித்து உடம்பு என் கைக்கு வருகிறது. இரண்டு மணி நேரம் இருக்கும், பிறகு போய்விடும். அதற்குள் குளித்தால் வரைய முடியாது.

நேற்று நான் குளிக்கவில்லை.