ஐஸ் அக்காவும் ஆறு மாத்திரைகளும்

மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் உறைபெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இறந்தவர்களின் மூளைத் துணுக்குகள், பட்டாணி அளவில், எண் ஒட்டிய குப்பிகளில் அவள் பொறுப்பில் இருந்தன. பாதி, போதையில் விழுந்தவர்களுடையவை. மீதி, அதன் பக்கமே போகாதவர்களுடையவை. ஒருநாள் தரையில் படிந்த பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஐஸ் அக்காவை ஐஸே கவிழ்த்துவிட்டது என்று கூடமே சிரித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் வலிக்கென்று கொடுத்த, அபின் வகையைச் சேர்ந்த ஆறு மாத்திரைகளைப் பார்த்தாலே பயம். குடித்தே செத்தவர் அப்பா. தம்பியும் அதே வழியில் போனான். சூடு கண்ட பூனையாக, நாற்பத்து மூன்று வயதுவரை இருமல் மருந்தைக்கூடப் பத்துமுறை யோசித்துத்தான் குடிப்பாள்.

ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருமுறை குப்பியைக் காட்டி விளக்கியிருந்தாள். "எல்லாருக்கும் அதே மரபணுதான்க்கா. சிலருக்கு அதுல சின்னதா ஒரு மாற்றம் இருக்கும். அதனால மூளையில அது அதிகமா வேலை செய்யும், இல்லன்னா கம்மியா. அப்படிப் பல மாற்றம் சேர்ந்தா, பழக்கம் பிடிச்சுக்கிற ஆபத்து கொஞ்சம் கூடும். கட்டாயம் வரும்னு இல்ல." அந்தக் 'கொஞ்சம்' மட்டும்தான் அன்று அவள் காதில் விழுந்தது.

முதல் மாத்திரையை விழுங்கிய அரை மணியில் வலி போயிற்று. அப்பாவின் செருப்புச் சத்தத்துக்கு நடுங்கிய காலத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயமும் கூடவே போயிற்று. இப்படியும் ஒரு நிம்மதி உண்டா! அழுகையே வந்துவிட்டது. மருந்தின் வேகம் இறங்கியபோதுதான், அப்பாவும் தம்பியும் தேடிப்போனது இதைத்தான் என்று புரிந்தது.

மறுநாள் காலை நர்ஸ் போனில் கேட்டார், "வலி எப்படி இருக்கு?"

வலி பெரிதாக ஒன்றும் இல்லை.

"உயிர் போகுது சிஸ்டர். இன்னும் கொஞ்சம் மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்க" என்றது அவள் வாய். சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. தம்பியும் இப்படித்தான் கூசாமல் பொய் சொல்வான்.

போனை வைத்துவிட்டு ஓடினாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மிச்சம் ஐந்தையும் அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க. நான் கேட்டாலும் தராதீங்க. அழுதாலும் தராதீங்க."

"அஞ்சு மாத்திரைக்கா இந்தப் பாடு? சரி, உன் கண்ணுல படாத இடமா வைக்கிறேன். கண்ண மூடிக்கோ."

மூடிக்கொண்டாள். உள்ளறையில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. மேல் தட்டு, இடது கதவு என்று அவள் காது குறித்துவைத்துக்கொண்டது.