ஜேர்மனியிலிருந்து வந்த தோல்வி

தோழிகளே, இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜேர்மனிக்குப் போன அண்ணைக்கு அங்கே செஸ் விளையாட ஆளில்லை. அதனால் ஒரு வருடமாக, கடிதத்துக்கு ஒரு நகர்வாக, என்னோடு விளையாடுகிறார். கடைசியாக நான் அனுப்பிய கடிதத்தில் அவருடைய ராணியை வெட்டியிருந்தேன்.

ஜேர்மனியிலிருந்து கொழும்பு வழியாக இன்று ஊருக்கு வந்த ஒருவரிடம் அண்ணை கடிதம் கொடுத்துவிட்டிருந்தார்.

"உன்ரை பதில் இன்னும் வரேல்லை. நீ என்ன விளையாடுவாய் எண்டு எனக்குத் தெரியும்தானே! உனக்கும் சேர்த்து நானே விளையாடி முடிச்சிட்டன். நீ தோத்திட்டாய், மொக்கு."

அம்மாவிடம் முறையிட்டேன்.

"பாவம், அங்கை தனியக் கிடக்கிறான். ஓம், தோத்திட்டன் எண்டு எழுதிவிடு பிள்ளை."

தோழிகளே, நீங்களென்றால் எழுதுவீர்களா?

மண்ணெண்ணெய் வீணாகிறதென்று அம்மா விளக்கை அணைத்தபோது, அண்ணையின் ராணி என் கைக்குள்தான் இருந்தது.