வாணலியில் ஏறிய டார்ச் விளக்கு

ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சுரங்க ஊரான கூபர் பீடியில் எங்கள் வீடுகள் குன்றைக் குடைந்து செய்தவை. நடுப்பகலிலும் விளக்கு போட வேண்டும். என் பக்கத்து வீட்டு டெஸ்பினா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். கையில் கிடைக்கும் எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். அவள் கணவன் ஸ்ட்ராடோஸ் ஓபல் என்கிற ரத்தினக் கல் தோண்டுகிறவன். பிடிவாதக்காரன். அவனோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம்.

மூன்று வருடமாக அவன் சுரங்கத்தில் சாம்பல் கல்லும் கொஞ்சம் வெளிறிய நீலமும்தான் கிடைத்தன; நல்ல விலை போகும் சிவப்பு ஒன்றுகூட இல்லை. அந்த வார வெள்ளிக்கிழமை இடத்தை விட்டுவிட்டு, அடிலெய்டில் தம்பியின் மீன் கடைக்கே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டான்.

"எனக்கு இந்த ஊருதான் ஊரு. அங்க போனா ரெண்டே மாசத்துல செத்துருவேன்" என்று என்னிடம் வந்து அழுதாள் டெஸ்பினா.

அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு மத்தியானம் கரண்ட் போனபோது, அவனுடைய சுரங்க டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவனுடைய சிவப்புச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்தால், சிவப்பு என்று நினைத்துக் கோத்த நூல் பழுப்பு. நானாக இருந்தால் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பேன். அவள் டார்ச்சைத்தான் சந்தேகப்பட்டாள்.

"நூலுக்கே இந்தக் கதின்னா கல்லுக்கு என்ன கதி?"

வெயிலில் பார்ப்பதுபோல் நிறம் காட்டும் என்று சொல்லி விற்கும் எல்.இ.டி ஒன்றைத் தபாலில் வரவழைத்தாள். புதன்கிழமை வந்தது. பெரிய மிளகளவுதான் இருந்தது.

சமையல் மேசையில் வைத்து டார்ச்சின் தலையைத் திருகிக் கழற்றினாள். உள்ளே காசளவு செம்புத் தட்டு, அதன்மேல் ஒட்டியிருந்தது பழைய எல்.இ.டி. இரண்டு ஒயர்களையும் ஈயத்தை உருக்கி விடுவித்தாள். பிறகு தட்டை வாணலியில் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஸ்ட்ராடோஸ் உள்ளே வந்தான். "என்ன சமையல் இன்னைக்கு? உப்புப் போட்டியா?"

"வாயை மூடிக்கிட்டு நில்லு மனுஷா. கை ஆடினா எல்லாம் போச்சு."

ஈயம் பளபளவென்று இளகியதும், சிறு இடுக்கியால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தாள். ஆறவிட்டு, ஒயர்களைப் பற்றவைத்து, தட்டின் அடியில் சூடு கடத்தும் பசையைத் தடவி மூடினாள். பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் எரியவில்லை.

"அடேயப்பா, என்ன வெளிச்சம்! கண்ணு கூசுதே!" என்றான் அவன்.

எல்.இ.டி.யைப் பிளஸ், மைனஸ் மாற்றி வைத்திருக்கிறாள். ஏதோ முணுமுணுத்தபடி மறுபடியும் வாணலியை ஏற்றினாள். இந்த முறை எரிந்தது. ஆனால் மஞ்சளாக, மங்கலாக.

"பழசுல பாதிகூட இல்லையே! நல்லா இருந்ததக் கெடுத்துட்டியே!"

"நாளைக்கு இதோட நானும் உன்கூட இறங்குறேன். அப்புறம் பேசு."

வியாழக்கிழமை வேடிக்கை பார்க்க நானும் அவர்களோடு ஏணியில் இறங்கினேன். பொய் சொல்வானேன், அவள் தோற்றுப்போவாள் என்றுதான் நானும் நினைத்தேன். டெஸ்பினா சுவரோரமாக வெளிச்சத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். அவன் பல தடவை தட்டிப் பார்த்து வேண்டாமென்று விட்ட சாம்பல் கீற்றில், மாதுளை முத்தாகச் சிவப்பு மின்னியது.

"அது உன் விளக்கோட கலரு. கல்லுல ஒண்ணும் இல்ல" என்றான் ஸ்ட்ராடோஸ்.

"பேத்து எடு. மேல கொண்டு போய்ப் பாப்போம்."

பெயர்த்தெடுத்து வெயிலுக்குக் கொண்டு வந்தோம். கல்லை நாக்கால் நனைத்துத் திருப்பிப் பார்த்தான். டார்ச்சில் தெரிந்ததைவிடச் சிவப்பாக இருந்தது. நான் கத்திய கத்தலில் அடுத்த சுரங்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டெஸ்பினா என்னைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் குதித்தாள்.

ஸ்ட்ராடோஸ் மட்டும் குதிக்கவில்லை. சுரங்க வாய்க்குப் பக்கத்தில், மூன்று வருடமாக அவன் தோண்டி வெளியே கொட்டிய வெள்ளை மண் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"டெஸ்பினா... இது மாதிரி எத்தனைய நானே வாரிக் கொட்டியிருப்பேன்?"

"எனக்கென்ன தெரியும்? சலிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டான். "டேய், உன் மீனை நீயே வித்துக்க. எனக்கு இங்க மூணு வருஷ வேலை கிடக்கு" என்றான். டெஸ்பினா அதற்குள் மண்மேட்டில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.